வலைப்பூவை இடம்மாற்றியபோது நாங்கள் கண்ட அமானிதங்கள்

 

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில், தாடிக்கொம்பை அடுத்துள்ள அகரம் எங்கள் ஊர். வீடு அகரத்தில்; பிழைப்பு திண்டுக்கல் நகரில். எங்கள் அத்தா தொடங்கி, இன்று உடன்பிறந்தோர் மூவராக நாங்கள் நடத்திவரும் பூட்டுக் கடை அது. அந்தக் கடைக்கென்று அத்தா ஒரு வலைப்பூ எழுதி வந்தார். சென்ற ஆண்டு அதைப் பழைய இலவசத் தளத்திலிருந்து, எங்களுக்கெனச் சொந்த முகவரி உள்ள புதிய தளத்துக்கு மாற்றினோம். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என எண்ணி ரஜபில் தொடங்கிய வேலை, ஷவ்வாலில்தான் முடிந்தது.

தாமதத்துக்குக் காரணம் கணினி அன்று. கணினி தன் வேலையை ஓர் இரவில் முடித்துவிட்டது. மீதி நாட்கள் அனைத்தும், எதைக் கொண்டு செல்வது, எதை விட்டுச் செல்வது என்று எங்களுக்குள் நாங்களே முடிவு செய்ய முடியாமல் கழிந்தவை. கடை வைத்திருப்போர், தொழிலுக்கென இணையத்தில் எழுதுவோர், தந்தையின் எழுத்துகளைக் காத்து வைத்திருப்போர் ஆகியோருக்கு இந்த அனுபவம் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

அத்தா எழுதியவை

அத்தா 2007ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். அஸர் தொழுகைக்குப் பின், கடைக்கு அருகிலிருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் அமர்ந்து தட்டச்சு செய்வார். எழுதியதெல்லாம் பூட்டைப் பற்றித்தான். ஷட்டருக்கு எந்தப் பூட்டு, பீரோவுக்கு எந்தப் பூட்டு என்று எழுதுவார். பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது உள்ளே பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவிப் போடுங்கள் என்று எழுதுவார். மாங்காய்ப் பூட்டு ஏன் அந்த வடிவில் இருக்கிறது, லீவர் பூட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பவற்றையெல்லாம் பொறுமையாக விளக்குவார்.

லீவர் என்பது பூட்டின் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் மெல்லிய தகடு. சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டை அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகடுகளும் ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் நின்றால்தான் தாழ் நகரும். ஒரு தகடு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறக்காது. திண்டுக்கல்லில் இந்த வெட்டுகளை அரத்தால் கையாலேயே ராவிப் பொருத்துவார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான தொழில் இது. அலிகாரிலிருந்து வரும் மலிவான இயந்திரப் பூட்டுகளால் நலிந்துகொண்டிருக்கும் தொழிலும் இதுவே.

2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தா மிகவும் மகிழ்ந்து எழுதியிருக்கக்கூடிய செய்தி. ஆனால், அச்செய்தி வருவதற்குச் சில மாதங்கள் முன்னரே அவர் இறையடி சேர்ந்துவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் விட்டுச் சென்றவை 143 பதிவுகள்.

ஏன் மாற்ற வேண்டியிருந்தது?

பழைய பக்கம் கைப்பேசியில் சரியாகத் திறக்கவில்லை. அத்தா தம் படங்களை வேறொரு இலவசச் சேவையில் ஏற்றி வைத்திருந்தார். அது செயலிழந்ததும் பூட்டுப் படங்கள் இருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டங்களாயின. எல்லாவற்றுக்கும் மேலாக, முகவரியே எங்களுடையது அன்று. பிறர் நிலத்தில் வாடகையின்றிக் கடை போட்டிருந்தோம். வாடகை இல்லை என்பதால் உரிமையும் இல்லை.

இந்த அச்சம் வீணானதன்று. எண்ணற்ற மக்கள் தம் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. போஸ்டரஸ் என்ற வலைப்பதிவுத் தளத்தை ட்விட்டர் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டே, 2013 ஏப்ரலில், அது மூடப்பட்டது. மைஸ்பேஸ் தளம் தன் கோப்புகளை இடம்மாற்றும்போது, பயனர்கள் பன்னிரண்டு ஆண்டுகளாக ஏற்றிய பாடல்கள் அழிந்துபோனதாக 2019இல் ஒப்புக்கொண்டது. நம் ஊர்ச் சிறு கடையின் எழுத்து எந்த மூலைக்கு?

எனவே எங்கள் சகோதரியின் மகனிடம் பொறுப்பைக் கொடுத்தோம். கணினி படிக்கும் பிள்ளை. பழைய தளத்திலிருந்து எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிப் புதிய தளத்தில் ஏற்றினான். காலையில் பார்த்தபோது 143 பதிவுகளும் வந்து நின்றன. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தோம்.

எழுத்து மாறும்போது விடுபடுபவை

முதல் முப்பது பதிவுகளை எங்களால் படிக்க முடியவில்லை. அவற்றை அத்தா பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அப்படியே ஒட்டியிருந்தார். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது தமிழாகத் தெரியாது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகவே தெரியும். அக்காலத்தில் இது பலருக்கும் நேர்ந்த இடர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் தகுதரங்கள் வந்தன. வேறு சிலர் திஸ்கியைப் பயன்படுத்தினர். அவரவர் எழுத்துரு அவரவர்க்கு. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்ற பிறகே இந்தச் சிதறல் மெல்ல ஓய்ந்தது. பாமினியை ஒருங்குறியாக மாற்றும் கருவிகள் இருப்பதால் அந்த முப்பது பதிவுகளும் மீண்டன.

அவை திரையில் தமிழாக மாறிய கணத்தில், எங்கள் நன்னியின் பெட்டியில் இருக்கும் ஒரு நூல் நினைவுக்கு வந்தது. அது அரபுத்தமிழ் நூல். சொல் தமிழ், எழுத்து அரபு. தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் கூடுதல் குறிகள் இட்டு, நம் முன்னோர் மார்க்கச் சட்டம் முதல் தாலாட்டு வரை அதில் எழுதினர். கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களைப் போன்ற பெருமக்கள் அதில் நூல்கள் இயற்றினர். பள்ளிக்கூடம் செல்லாத பெண்களும் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே அவற்றைப் படித்தனர். நன்னி அந்த நூலைச் சரளமாகப் படிப்பார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

அந்த நூலை யாரும் எரிக்கவில்லை. யாரும் தடை செய்யவும் இல்லை. நாம் வேறு எழுத்துக்கு இடம்பெயர்ந்தோம். பெயர்ந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அவ்வளவுதான். கண்முன்னே இருந்துகொண்டே ஒரு சொத்து இல்லாமல் போவது இப்படித்தான்.

வராமல் போன பின்னூட்டங்கள்

அடுத்துக் கண்டது இன்னும் கடினமானது. பதிவுகள் வந்திருந்தன; அவற்றின் கீழே வாடிக்கையாளர்கள் எழுதிய பின்னூட்டங்கள் வரவில்லை. அவை வேறொரு சேவையின் வழியாகப் பதிவானவை என்பதால் கோப்பில் சேரவில்லை. கொண்டுவர வேண்டுமானால் ஒவ்வொன்றாகக் கையால்தான் எடுத்து ஒட்ட வேண்டும்.

"மாமு, இது நமக்கு நல்லதுதான். அதுல புகாரெல்லாம் இருக்கு. தானா கழிஞ்சு போச்சு, விடுங்க" என்றான் பிள்ளை.

அவன் சொன்னதில் தந்திரம் ஏதுமில்லை. வேலை மிச்சம் என்ற எண்ணம்தான். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. பழைய பக்கத்தை ஒருமுறை முழுதும் படித்துவிட்டு மூடிவிடலாம் என்று அமர்ந்தோம்.

அதில் 2011ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று இருந்தது. எங்கள் கடைப் பூட்டை அதற்குரிய சாவியன்றி வேறு எந்தச் சாவியும் திறக்காது என்று அத்தா அதில் எழுதியிருந்தார். அதன் கீழே ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரர் ஒருவர், தம் மண்டியின் பூட்டு பக்கத்து மண்டிச் சாவிக்குத் திறக்கிறது என்று எழுதியிருந்தார். இரண்டு பூட்டும் எங்கள் கடையில் வாங்கியவை. இரண்டு நாள் கழித்து அத்தா பதில் எழுதியிருந்தார். கையால் ராவும்போது இரண்டு சாவிகளின் வெட்டுகள் அரிதாக ஒன்றுபோல் அமைந்துவிடும் என்றும், திறக்காது என்று உறுதியாகச் சொன்னது தம் பிழை என்றும், அல்லாஹ்வுக்காக மன்னிக்கும்படியும், பூட்டை மாற்றித் தருவதாகவும் எழுதியிருந்தார். பதிவை மட்டும் அவர் திருத்தவில்லை. பின்னூட்டத்தில் சொன்னால் போதும் என்று எண்ணியிருக்க வேண்டும்.

எங்கள் புதிய தளத்தில் பதிவு இருந்தது, பின்னூட்டம் இல்லை. அத்தா மனமார ஒப்புக்கொண்ட பிழை மறைந்து, பிழையான கூற்று மட்டும் அவர் பெயரில் புத்தம் புதிதாக நின்றது.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாகாதா என்று அந்த வணிகரைக் கேட்டதும், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்ததும் நாம் அனைவரும் ஜும்ஆ மேடைகளில் கேட்ட செய்தி. மழை நனைத்தது என்று அந்த வணிகர் காரணம் சொன்னார். நாங்களும் கணினி விட்டுவிட்டது என்று காரணம் சொல்லத் தயாராக இருந்தோம்.

அத்தா கொடுத்த வாக்கு

இன்னொரு பதிவு எங்கள் மூவரையும் மூன்று வாரம் பேசாமலாக்கியது. 2009இல் எழுதியது. எங்கள் கடையில் வாங்கிய எட்டு லீவர் பூட்டின் சாவி தொலைந்தால் பூட்டைக் கொண்டுவரலாம். எத்தனை ஆண்டு ஆனாலும் கூலி வாங்காமல் சாவி செய்து தருவோம் என்று அத்தா எழுதியிருந்தார்.

அன்று அது எளிது. கடையின் பின்கட்டிலேயே ஆசாரி ஒருவர் இருந்தார். அரை நாள் அவர் கையில் பூட்டைக் கொடுத்தால் முடிந்தது. இன்று அவர் இல்லை. சாவி இல்லாத பூட்டைப் பிரித்து, தகடு பார்த்து, வெட்டு ராவுவதற்கு ஊருக்குள் விரல்விட்டு எண்ணத்தக்க கைகளே உள்ளன. கூலி, புதுப் பூட்டின் விலையை நெருங்கிவிடும். இந்தப் பதிவை மட்டும் விட்டுவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னோம். யார் என்று இங்கே எழுதவில்லை. மூவர் மனத்திலும் அது இருந்தது.

அம்மா தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். ஓதி முடித்துவிட்டுக் கேட்டார்: "உங்க அத்தா குடுத்த வாக்கையும் மையவாடியில வச்சு அடக்கிட்டீங்களா?"

அதற்கு மேல் அன்று யாரும் பேசவில்லை.

மறுநாள் எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் சென்றோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார். ஒரு சரக்கை விற்கும்போது இன்னது செய்து தருவேன் என்று சொல்லி, அதை நம்பி ஒருவர் வாங்கினால், அது விற்பனையின் நிபந்தனையாகிவிடுகிறது. முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர்கள். சொத்தைப் பங்கிடும் முன் மய்யித்தின் கடனைத் தீர்க்க வேண்டும் என்று அல்லாஹ் சூரத்துந் நிஸாவில் சொல்வது உங்களுக்குத் தெரியும். கடையைப் பங்கு கொண்டவர்கள் கடையின் கடப்பாட்டையும் பங்கு கொள்ளத்தான் வேண்டும். "இனிமேல் விற்கும் பூட்டுக்கு இந்த வாக்கு கிடையாதுன்னு தேதி போட்டு எழுதிக்கலாம். அது உங்க உரிமை. வித்ததுக்கு மாத்த முடியாது" என்று முடித்தார்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். எழுத்தை நம் மார்க்கம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதற்கு அது போதும். எழுதியவர் மறைந்தாலும் எழுத்து சாட்சியாக நிற்கும். சாட்சியை நாங்கள் பழைய வீட்டில் பூட்டிவிட்டு வரப் பார்த்தோம்.

ஹிஜ்ரத்தின் இரவு

வீடு திரும்பும் வழியில் எங்களுக்கு ஹிஜ்ரத் நினைவு வந்தது. எங்கள் சிறு வேலையை அந்த மாபெரும் நிகழ்வோடு ஒப்பிடவில்லை, அல்லாஹ் பொறுத்தருள்வானாக. பாடம் மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்.

நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட அதே மக்காவாசிகள், தம் விலைமதிப்புள்ள பொருள்களை அவர்களிடமே அமானிதமாக ஒப்படைத்திருந்தார்கள். வேறு எவரையும் அவர்களால் அப்படி நம்ப முடியவில்லை. உயிருக்கு ஆபத்தான அந்த இரவில் நபி (ஸல்) அவர்கள் புறப்பட்டபோது, அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே நிறுத்தி, அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும்படி பணித்தார்கள். அலீ (ரலி) அவர்கள் அதை நிறைவேற்றிவிட்டு, பின்னர் குபாவில் வந்து சேர்ந்தார்கள்.

இடம்பெயர்பவர் தம் பொருளை எடுத்துச் செல்வது இயல்பு. பிறர் பொருளுக்கு என்ன ஏற்பாடு செய்தோம் என்பதுதான் கேள்வி. எங்கள் வலைப்பூவில் எங்கள் பொருள் 143 பதிவுகள். பிறர் பொருள் எவையெவை என்று அன்றிரவு எண்ணத் தொடங்கினோம்.

புகார் கூறியவரின் சொல் அவருடைய அமானிதம். அதை அழிக்க எங்களுக்கு உரிமை இல்லை. கொடுத்த வாக்கு வாங்கியவரின் அமானிதம். மூன்றாவது ஒன்றை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. பின்னூட்டங்களில் பலர் தம் கைப்பேசி எண்ணையும் தெரு முகவரியையும் எழுதியிருந்தார்கள். ஒருவர் குடும்பத்தோடு ஹஜ்ஜுக்குச் செல்வதாகவும், நாற்பது நாள் வீடு பூட்டியிருக்கும் என்றும், எந்தப் பூட்டு நல்லது என்றும் கேட்டிருந்தார். அத்தா பூட்டின் வகையைச் சொல்லியிருந்தார். எந்தத் தெருவில் எந்த வீட்டில் எந்தப் பூட்டு தொங்குகிறது என்பது இத்தனை ஆண்டுகளாக ஊரறிய எழுதி நின்றிருக்கிறது! அத்தாவும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

நாங்கள் செய்தவை

ரமளான் முழுதும் தராவீஹுக்குப் பின் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பின்னூட்டங்களைக் கையால் எடுத்து உரிய பதிவின் கீழ் ஒட்டினோம். அவற்றில் கைப்பேசி எண், முகவரி, வீடு பூட்டியிருக்கும் நாள் ஆகியவற்றை நீக்கினோம். புகாரில் ஒரு சொல்லையும் நீக்கவில்லை. பழைய பக்கத்திலும் அந்த விவரங்களை அழித்தோம்.

2011ஆம் ஆண்டுப் பதிவின் தலைப்பிலேயே, இதிலுள்ள கூற்று பிழையானது, கீழே அத்தாவின் விளக்கத்தைக் காண்க என்று எழுதினோம். அவர் எழுதிய வரியை மாற்றவில்லை. மறைந்தவரின் சொல்லைத் திருத்தி, அவர் அப்படித்தான் எழுதினார் என்று காட்டுவதும் ஒருவகைப் பொய்யே. விலை குறித்த பதிவுகளில் எழுதப்பட்ட ஆண்டைப் பெரிதாக இட்டோம்.

பழைய பக்கத்தை மூடவில்லை. கடை மாறினால் பழைய ஷட்டரில் புது முகவரியைப் பலகை எழுதி மாட்டுகிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு பழைய பதிவின் உச்சியிலும் புதிய முகவரியை இட்டோம். கைவிட்ட முகவரி எந்தக் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கூகுள் போன்ற நிறுவனமே, பிளாக்ஸ்பாட்டின் இந்திய முகவரியை 2020இல் கைநழுவ விட்டதாகச் செய்திகள் வந்தன. அதை நம்பியிருந்த பழைய இணைப்புகள் அறுந்தன. அத்தாவின் கைப்பேசி எண்ணும் அப்படித்தான். பழைய கணக்கின் ரகசியக் குறியீடு அந்த எண்ணுக்கே வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடும். எனவே கணக்கை எங்கள் எண்ணுக்கு மாற்றினோம். மறைந்த பெற்றோரின் கணக்குகளை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இதை இன்றே பார்ப்பது நல்லது. எல்லாப் பதிவுகளின் நகலையும் பென் டிரைவில் ஒன்றும், அச்செடுத்துக் கட்டிய தொகுப்பாக ஒன்றும் வீட்டில் வைத்தோம்.

சாவி வாக்கு உள்ள பதிவு முதல் பக்கத்திலேயே நிற்கிறது. இன்ன தேதிக்குப் பின் வாங்கும் பூட்டுகளுக்கு இது பொருந்தாது என்ற வரியை மட்டும் சேர்த்தோம்.

இதனால் வணிகம் பெருகியது என்று சொல்லி முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் அது உண்மையன்று. முகவரி மாறியதால் தேடுபொறியில் பின்னுக்குப் போனோம். சில மாதங்கள் வருகை குறைந்தது. இதுவரை இரண்டு பேர் சாவிக்காக வந்தார்கள். வேடசந்தூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், துருவேறிய எட்டு லீவர் பூட்டைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். ரசீது இல்லை. பூட்டின் அடியில் அத்தா பொறித்த கடைக் குறி இருந்தது. வெளியே கொடுத்துச் சாவி செய்து வாங்கினோம். கூலி எங்கள் கையிலிருந்து போனது. சாவியைப் போட்டுத் திருப்பியதும் தாழ் நகர்ந்தது. "பாய் இல்லையா?" என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றோம். சிறிது நேரம் நின்றிருந்து, பூட்டைப் பையில் இட்டுக்கொண்டு புறப்பட்டார்.

உண்மை பேசிக் குறையைச் சொல்லி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி. அந்தப் பரக்கத் எந்த வடிவில் வரும் என்று நாம் நிபந்தனை விதிக்க முடியாது. அன்று இரவு எங்கள் மூவருக்கும் நல்ல உறக்கம் வந்தது. அதுவும் அதில் ஒரு பங்குதான்.

வாசகர்களே! கடை மாற்றினாலும், கணக்கு மாற்றினாலும், கைப்பேசி மாற்றினாலும், புறப்படும் முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே பிறர் பொருள் ஏதேனும் கிடக்கலாம்.

எங்கள் தந்தையின் பிழைகளைப் பொறுத்து, அவர் கற்றுக்கொடுத்தவற்றை நிலையான தர்மமாக ஏற்று, அவருடைய கப்ரை ஒளிமயமாக்கி, அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் நன்மக்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.